வாசலுக்கு வரும் பூனையும் வீட்டுக்குள் மூளும் சண்டையும்: அடுக்குமாடி வீட்டாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில், காற்று வருவதற்காக மரக்கதவைத் திறந்து வைத்துவிட்டு இரும்புக் கதவை மட்டும் பூட்டி வைப்பது நம் அனைவருக்கும் உள்ள பழக்கம். அந்தக் கம்பிகளுக்கு வெளியே, செருப்பு அடுக்கின் பக்கத்தில், புளோக்கின் கீழ்த்தளத்தில் வாழும் பூனையோ நான்கு வீடு தள்ளி வளர்கின்ற பூனையோ வந்து உட்காரும்போது, அதுவரை ஒரே சோபாவில் ஒன்றையொன்று நக்கிக்கொண்டு கிடந்த வீட்டுப் பூனைகள் இரண்டும் திடீரென்று ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. வந்த பூனை போன பிறகும் வீட்டில் அமைதி திரும்புவதில்லை. ஒன்று கட்டிலுக்கு அடியில் பதுங்குகிறது, மற்றொன்று கதவருகே காவல் இருக்கிறது, மறுநாள் காலையில் திரைச்சீலையில் சிறுநீர் நாற்றம் அடிக்கிறது.

இதற்குக் காரணம் வீட்டுப் பூனைகளின் கெட்ட குணம் அன்று. வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்கு அந்த வீடு முழுவதும் தன் எல்லை. எல்லைக்குள் அந்நியப் பூனை ஒன்று எட்டிப் பார்க்கும்போது அதனை நெருங்கி விரட்டவும் முடிவதில்லை, அதன் கண்ணில் படாமல் விலகிப் போகவும் தோன்றுவதில்லை. அவ்வாறு மூண்ட சினம், அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள்மீது பாய்கிறது. அது உடன்வளரும் பூனையாகவும் இருக்கலாம், தூக்கிச் சமாதானம் செய்ய வந்த மனிதரின் கையாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவர்கள் இதனைத் திசைமாறிய ஆக்ரோஷம் என்கிறார்கள்.

பெரும்பாலோர் வெளிப்பூனையை எப்படி விரட்டுவது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். என் உறுதியான கருத்து, அந்த வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே. ஒரு பூனையை விரட்டினால் அந்த இடத்துக்கு இன்னொரு பூனை வரும். வீட்டுப் பூனைகளின் கண்ணுக்கும் மூக்குக்கும் வெளிப்பூனை எட்டாதபடி செய்வது நம் கையில் இருக்கும் காரியம். அதனை இன்றைக்கே தொடங்கலாம்.

முதல் படி: சண்டை நடந்த அன்று செய்ய வேண்டியது

சண்டை நடக்கும்போது கையை நடுவில் விடக்கூடாது. சினம் தலைக்கேறிய பூனைக்கு அந்த நேரத்தில் நம்மை அடையாளம் தெரியாது. பெரிய அட்டைப் பலகையையோ தலையணையையோ இரண்டுக்கும் இடையில் நுழைத்துப் பார்வையை மறையுங்கள்; அருகில் எதுவும் இல்லையென்றால் தடித்த துண்டு ஒன்றை ஒரு பூனையின்மீது போடலாம். கத்துவதும் அடிப்பதும் பதற்றத்தைக் கூட்டவே செய்யும்.

பிரிந்தவுடன் இரண்டையும் வெவ்வேறு அறைகளில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். ஒவ்வோர் அறையிலும் தண்ணீர், மணல் தொட்டி, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி ஆகியவை இருக்க வேண்டும். விளக்கை மங்கலாக்கிவிட்டு அவற்றைத் தனியே விட்டுவிடுங்கள். 1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் இருக்கும் பாம் ஷெல்டரில் (போர்க்காலப் பாதுகாப்புக்கான கெட்டிச் சுவர் அறை) பூனையை வைத்துக் கனமான அதன் கதவைச் சாத்திவிடுவது மட்டும் வேண்டாம். உள்ளே வெப்பம் ஏறும், காற்றும் போதாது. கண்மணிகள் விரிந்து, வால் சுழன்று, காதுகள் பின்னோக்கிப் படிந்திருக்கும் வரை பூனை இன்னும் அடங்கவில்லை என்று பொருள். சில பூனைகள் ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். சிலவற்றுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகும். அடங்குவதற்கு முன் ‘சமாதானம் செய்து வைக்கிறேன்’ என்று இரண்டையும் முகத்துக்கு முகம் நிறுத்துவதால்தான் பல வீடுகளில் ஒரு நாள் சண்டை பல மாதப் பகையாக வளர்கிறது.

நம்மைக் கடித்திருந்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிங்கப்பூரில் 1953ஆம் ஆண்டு முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை என்பது ஆறுதல்தான் என்றாலும், பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விட்டுவிடும். விரல் மூட்டுக்கு அருகில் கடிபட்டவர்கள் ஒருநாளும் அலட்சியம் காட்டக்கூடாது.

இரண்டாம் படி: வருவது யார், எப்போது, எந்த வழியாக

ஒரு வாரம் குறித்து வையுங்கள். எந்த நேரத்தில் வருகிறது, எந்த இடத்தில் உட்காருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பவை தெரிந்தால் மற்ற வேலைகள் எளிதாகும். பூனைகள் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் அது ஏறக்குறைய காலை ஏழு மணியும் மாலை ஏழு மணியும்தான். நாம் வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பி வரும்போதும் கதவு திறந்திருப்பதும் அதே நேரங்களில்தான் என்பதைக் கவனியுங்கள்.

பூனையைத் தொலைவிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடக் காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், அது கருத்தடை செய்து மீண்டும் அதே இடத்தில் விடப்பட்ட சமூகப் பூனை, அதாவது தனி உரிமையாளர் இல்லாமல் புளோக்கைச் சுற்றி வாழும் பூனை. கழுத்துப்பட்டை இருந்தால் வீட்டுப் பூனை. காது முழுதாக, கன்னம் பருத்து, சுவரில் பின்பக்கத்தைக் காட்டி வாலை நடுக்கிச் சிறுநீர் பீச்சினால் அது பெரும்பாலும் கருத்தடை செய்யப்படாத கடுவன் (ஆண் பூனை). வால் வளைந்தோ முடிச்சிட்டதுபோலோ இருப்பது நம் ஊர்ப் பூனைகளில் மிகச் சாதாரணம். யாரோ அடித்து ஒடித்துவிட்டார்கள் என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை, ஆனால் அடையாளம் சொல்ல அது நன்றாக உதவும்.

மூன்றாம் படி: பார்வையை மறைத்தல்

எல்லாப் படிகளிலும் இதுவே அதிகப் பலன் தருவது; ஆகவே இதில் நேரமும் கொஞ்சம் பணமும் செலவிடத் தயங்க வேண்டாம்.

இரும்புக் கதவிலிருந்து தொடங்குங்கள். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை, உட்புறமாக, ஒளி ஊடுருவும் ஆனால் உருவம் தெரியாத பால்நிற நெகிழித் தகட்டைக் கேபிள் டை கொண்டு கட்டிவிடலாம். வன்பொருள் கடைகளில் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். மேற்பகுதி திறந்திருப்பதால் காற்று தடைபடாது. தகட்டுக்கும் தரைக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளிகூட விடாதீர்கள்; பூனைகள் இரண்டும் அந்த இடைவெளியில்தான் மூக்கை வைத்து மோதிக்கொள்ளும், இரு பக்கத்திலிருந்தும் நகங்கள் நீளும். கதவு தடையின்றித் திறந்து மூடுகிறதா, உள்ளிருந்து பூட்டை எளிதில் எட்ட முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தில் பலகையோ அலமாரியோ நிறுத்தி மறைக்க முயலாதீர்கள். தீ விபத்தின்போது ஆட்கள் தப்பிச் செல்வதற்கு அங்கே குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும்.

அடுத்தது தாழ்வாரத்தைப் பார்த்த ஜன்னல். கீழ்ப்பாதிக் கண்ணாடியில் பனிமூட்டத் தாள் ஒட்டினால் போதும். முழு ஜன்னலையும் மறைத்து வீட்டை இருட்டாக்குவதைப் பூனைகளும் விரும்பா. ஒரு வழியை அடைக்கும்போது வேறொரு வழியைத் திறந்துவிட வேண்டும் என்பது முக்கியம்: தாழ்வாரப் பக்கம் உள்ள நாற்காலி, மேசை போன்ற ஏறும் இடங்களை அகற்றி, அதற்கு எதிர்ப்பக்கத்தில், மைனாவும் மரக்கிளையும் தெரிகின்ற உயரமான ஜன்னலருகே பூனை மரத்தையோ அகன்ற பலகையையோ அமையுங்கள். அந்த ஜன்னலில் கம்பிக்கு உட்புறமாக வலை பூட்டியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பத்தாவது மாடியிலிருந்து பூனை விழுந்த செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. வெளியே எதிரியைக் கண்டு பாயும் பூனை ஜன்னல் விளிம்பில் கால் தவறுவதற்கு ஒரு நொடி போதும்.

நான்காம் படி: வாசனையை அழித்தல்

நம் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளிப்பூனை போன பிறகும் அது கன்னத்தை உரசிய கம்பியும் சிறுநீர் பீச்சிய செருப்பு அடுக்கும் உள்ளிருக்கும் பூனைக்கு ‘இங்கே ஒருவன் இருக்கிறான்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

இரவில் தாழ்வார விளக்கு எட்டாத மூலைகளில் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். கதவுச் சட்டத்தின் அடியில், பூந்தொட்டியின் பக்கவாட்டில், சுவரில் முழங்கால் உயரத்தில் மஞ்சள் பச்சையாக ஒளிரும் ஒழுகல் கோடுகள் தெரிந்தால் அவை சிறுநீர்த் தடங்கள். முதலில் தண்ணீரால் துடைத்து, பிறகு பூனைச் சிறுநீருக்கென்றே விற்கப்படும் நொதித் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, புட்டியில் சொல்லியுள்ள நேரம் ஊறவிட்டு, தானாகக் காயவிடுங்கள். சிறுநீரிலுள்ள யூரிக் அமிலப் படிகங்கள் வெறும் தண்ணீரில் கரைவதில்லை. காய்ந்துபோனதாகத் தோன்றினாலும் நம் ஊரின் ஈரப்பதத்தில் மீண்டும் நாற்றம் கிளப்பும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்கள் சிறுநீரின் வாடையையே ஒத்திருப்பதால், அதே இடத்தில் மறுபடியும் பீச்சத் தூண்டும்.

செருப்புகளை மூடிய அலமாரிக்குள் வையுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பூனைகளைக் கொல்லும் பார்வோ வகை வைரஸ் ஒன்று மாதக்கணக்கில் உயிரோடிருந்து, செருப்பின் அடியில் ஒட்டி வீட்டுக்குள் வரக்கூடியது. வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்குத் தடுப்பூசி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அதுவே. மூக்கோடு மூக்கு உரசும்போது தொற்றும் பூனைச் சளிக்காய்ச்சலும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூனை வராமலிருக்க வாசலில் கற்பூரம் வைப்பது, அந்துருண்டை போடுவது, நீலகிரித் தைலம் தெளிப்பது, டெட்டாலால் கழுவுவது, மிளகாய்ப்பொடி தூவுவது என்று வீட்டுக்கு வீடு ஓர் உபாயம் சொல்வார்கள். இவற்றில் மிளகாய்ப்பொடி கண்ணையும் பாதத்தையும் எரிக்கும். மற்றவை அனைத்தும் பூனையின் கல்லீரலால் எளிதில் வெளியேற்ற முடியாத நச்சுகள். பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கியே தீரும். வெளிப்பூனைக்குச் செய்யும் தீங்கு ஒருபுறமிருக்க, கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கும் நம் பூனையும் அதைத்தான் நக்கப்போகிறது.

ஐந்தாம் படி: வாசலில் உள்ள ஈர்ப்பை நீக்குதல்

பூனை ஓரிடத்துக்கு மீண்டும் மீண்டும் வருவதற்கு உணவு, நிழல், மென்மையான மண், இணை தேடுதல் ஆகிய நான்கில் ஒன்றாவது காரணமாக இருக்கும். வாசலில் வைத்த துளசித் தொட்டியிலும் கறிவேப்பிலைத் தொட்டியிலும் தளர்ந்த மண் பூனைக்கு நல்ல கழிப்பிடம். மண்ணின்மேல் கூழாங்கற்களை நெருக்கமாகப் பரப்பிவிட்டால் தோண்ட முடியாது. மிதியடியை எடுத்துவிடுங்கள், அல்லது வாரம் ஒருமுறை துவையுங்கள். குப்பைப் பையைக் காலையில் எறிந்துகொள்ளலாம் என்று இரவில் வாசலில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் பூனைகளுக்குக் கருத்தடை செய்யப்படவில்லை என்றால், வெளிக்கடுவன் வருவதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு தேட வேண்டாம்.

தாழ்வாரத்தில் யாராவது உணவு வைக்கிறார்களா என்று விசாரியுங்கள். சமூகப் பூனைகளுக்கு உணவளிப்பது குற்றம் அன்று. மிச்சத்தைச் சுத்தம் செய்யாமல் போவதுதான் தவறு. பல புளோக்குகளில் ஓய்வுபெற்ற அத்தையோ அங்கிளோ மாலையில் பையும் தண்ணீர்ப் புட்டியுமாக இறங்கி வந்து ஒவ்வொரு பூனைக்கும் பெயர் சொல்லி உணவு வைப்பதைப் பார்க்கலாம். அவர்கள் நமக்கு எதிராளிகள் அல்லர், மிகப் பெரிய துணை. ‘அங்கிள், இந்தச் சாம்பல் பூனை எங்க வீட்டு வாசலுக்கு வருது, உள்ளே எங்க பூனைங்க சண்டை போடுதுங்க. சாப்பாட்டைக் கொஞ்சம் லிஃப்டுக்கு அந்தப் பக்கம், கீழ்த்தளத்துல வைக்க முடியுமா?’ என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். உணவு வைக்கும் இடமும் நேரமும் நிலையாக இருந்தால் பூனை அந்த இடத்திலேயே தங்கும், மாடி ஏறி அலையாது.

ஆறாம் படி: வீட்டுக்குள் வாழ்க்கையைச் சீராக்குதல்

இரண்டு பூனைகளுக்கு மூன்று மணல் தொட்டிகள் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. மூன்று அறை வீட்டில் அது அதிகமாகத் தோன்றலாம். எண்ணிக்கையைவிட அவை இருக்கும் இடம் முக்கியம். மூன்றையும் சமையலறைப் பின்கட்டில் வரிசையாக வைத்தால் பூனைக் கணக்கில் அது ஒன்றுதான். ஒரு பூனை வழியை மறித்து உட்கார்ந்தால் மற்றது எதற்கும் போக முடியாது. உணவுத் தட்டுகளும் ஒன்றையொன்று பார்க்காதபடி தள்ளி இருக்கட்டும்.

வெளிப்பூனை வழக்கமாக வரும் நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்பே மரக்கதவைச் சாத்திவிட்டு, வாசலுக்குத் தொலைவான அறையில் குச்சி பொம்மையோடு பூனைகளை ஓடவிட்டு, களைத்த பிறகு உணவு கொடுங்கள். வேட்டை, உணவு, நக்கிச் சுத்தம் செய்தல், உறக்கம் என்ற வரிசையில் பூனையின் உடல் தானாக இறங்கும். அந்த நேரத்தில் வாசலைப் பற்றிய நினைவு அதற்கு வராது.

பூனைகள் தமக்குள் செய்தி சொல்ல விடும் வாசனைப் பொருளைப் போலச் செய்த செயற்கைப் பெரோமோன் பரப்பிகளும் உண்டு. ஃபெலிவே என்ற வணிகப்பெயரில் வரும் கிளாசிக் வகை பதற்றத்துக்கும் சிறுநீர் பீச்சுவதற்கும், ஃபிரெண்ட்ஸ் வகை பூனைகளுக்கு இடையிலான உரசலுக்கும் உரியவை; ஒரு புட்டி ஏறக்குறைய முப்பது நாள் வரும். எல்லாப் பூனைகளுக்கும் ஒரே அளவில் பலன் தருவதில்லை என்பதால், பார்வையை மறைக்கும் வேலையைச் செய்யாமல் இதனை மட்டும் வாங்கி மாட்டுவது பணத்தை வீணாக்குவதாகும்.

ஏழாம் படி: பகைத்த பூனைகளை மீண்டும் சேர்த்தல்

இதற்குக் குறுக்குவழி கிடையாது. புதிதாக வந்த இரண்டு பூனைகளை அறிமுகம் செய்வதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் படுக்கைத் துணிகளை மாற்றிப் போட்டு ஒன்றின் வாசனையை மற்றதற்குப் பழக்குங்கள். பிறகு சாத்திய கதவின் இரு பக்கமும் உணவு வையுங்கள்; தொடக்கத்தில் கதவுக்கு இரண்டு மீட்டர் தள்ளி, சீறாமல் தின்றால் நாளுக்கு நாள் சற்று நெருக்கமாக. அடுத்து, குழந்தைகளுக்கான தடுப்புக் கதவையோ வலைத் திரையையோ இடையில் வைத்து, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இரண்டுக்கும் மிகவும் பிடித்த பண்டத்தைக் கொடுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்தால், ஆறாவது நிமிடத்துக்குக் காத்திருக்காமல் திரையை மூடிவிடுங்கள். நல்லபடியாக முடிந்த சந்திப்பே அடுத்த சந்திப்புக்கு அடித்தளம்.

கண் இமைக்காமல் முறைப்பதும், உடலைத் தாழ்த்தி அசையாமல் நிற்பதும் சீறலைவிட ஆபத்தான அடையாளங்கள். அவற்றைக் கண்டால் ஒரு கட்டம் பின்னால் போங்கள். சில வீடுகளில் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், சிலவற்றில் ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்

மணல் தொட்டிக்கு அடிக்கடி போய் முக்கி, சொட்டுச் சொட்டாகவோ இரத்தம் கலந்தோ சிறுநீர் கழித்தால் அன்றே போக வேண்டும். மன அழுத்தத்தால் பூனையின் சிறுநீர்ப்பை அழற்சி அடைவது மருத்துவம் நன்கறிந்த ஒன்று. ஆண் பூனைக்குச் சிறுநீர் அறவே வரவில்லை என்றால் அது நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைக்குரியது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். முழுநாள் உண்ணாமல் இருத்தல், கடிகாயம் வீங்குதல், ஓயாமல் நக்கி வயிற்று மயிரை உதிர்த்தல் ஆகியவையும் காட்ட வேண்டியவை. மேற்சொன்ன எல்லாவற்றையும் செய்தும் பகை அடங்காத பூனைகளுக்கு மருத்துவர் சில வாரங்களுக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து தரலாம். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை நாமாக உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது.

வெளிப்பூனை விஷயத்தில் என்ன செய்யலாம்

காது நுனி வெட்டப்படாத சமூகப் பூனையாக இருந்தால், பூனை நலச் சங்கத்துக்கோ தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவுக்கோ தகவல் சொல்லுங்கள். பிடித்து, கருத்தடை செய்து, இயன்றால் இல்லம் தேடிக் கொடுத்து, இல்லையேல் அதே இடத்தில் விட்டுப் பராமரிக்கும் திட்டம் 2024 முதல் நடந்து வருகிறது. கருத்தடைக்குப் பின் சில வாரங்களில் பெரும்பாலான கடுவன்கள் பீச்சுவதும் அலைவதும் சண்டையிடுவதும் வெகுவாகக் குறைந்துவிடும்.

பூனை அண்டை வீட்டாருடையது என்றால் முதலில் நேரில் பேசுங்கள். குற்றஞ்சாட்டும் தொனியில் தொடங்காமல், உங்கள் பூனைகளுக்கு நேர்ந்ததைச் சொல்லிக் காணொளியைக் காட்டுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு நெடுங்காலமாக இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. அதோடு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமாயின, அதற்கான மாறுதல் காலம் 2026 ஆகஸ்ட் 31 வரை. பூனையை வீட்டுக்குள் பாதுகாப்பாக வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு என்பதை, மரியாதை குறையாமல், எடுத்துச் சொல்ல இப்போது நமக்கு இடம் இருக்கிறது. பல முறை பேசியும் பலன் இல்லையென்றால் சமூக சமரச நிலையத்தை நாடலாம். நகர மன்றத்துக்கு ‘பூனையைப் பிடித்துக்கொண்டு போங்கள்’ என்று முறையிடுவதைவிட அதுவே நீடித்த தீர்வைத் தரும்.

பூனையை நாமே பெட்டியில் அடைத்து வேறு பேட்டையில் கொண்டுபோய் விடுவதைச் சிலர் கருணையான வழி என்று நினைக்கிறார்கள். தெரியாத இடத்தில் உணவும் ஒளிவிடமும் இன்றி, அங்குள்ள பூனைகளின் தாக்குதலுக்கு அது ஆளாகும். அதனைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒருவர் இங்கே தேடித் தவிப்பார். கல்லெறிவதும் வெந்நீர் ஊற்றுவதும் சட்டப்படி விலங்குவதை; முதல் குற்றத்துக்கே 15,000 வெள்ளி வரை அபராதமும் 18 மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம்.

வருகிற பூனை மிகவும் சாதுவாக இருந்து, அதனையே வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளலாமா என்று சிலருக்குத் தோன்றும். வீவக வீட்டில் இரண்டு பூனைகளுக்குத்தான் அனுமதி, தனியார் குடியிருப்பில் மூன்று. உங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, நல்ல படங்கள் எடுத்து, மருத்துவப் பரிசோதனையும் தடுப்பூசியும் செய்வித்து, தத்துக்கொடுக்கும் தொண்டூழியர்கள் வழியாக வேறு இல்லம் தேடுங்கள். ஒரே ஒரு பூனை மட்டும் இருக்கும் வீடாயின், புதியதை முதல் இரண்டு வாரங்களுக்குத் தனி அறையில் வைத்துச் சோதனை முடிவுகள் வந்த பின், ஏழாம் படியில் சொன்ன வரிசையில் ஒரு கட்டமும் தவறாமல் சேர்க்கத் தொடங்கலாம்.